கடலில்லாத ஊரில் பவளப்பாறை வகுப்பு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

"பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகள் பவளப்பாறையைப் பார்த்து என்ன செய்யப்போகிறார்கள், சார்?" என்று போன வாரம் பள்ளி வாசலில் ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தச் செயற்கைக்கோள் பட வகுப்புக்காக ஒன்பதாம் வகுப்பின் சனிக்கிழமைகளை நாங்கள் எடுத்துக்கொள்வதால், பதிலை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் அல்சூர் ஏரியின் செயற்கைக்கோள் படங்களில்தான் ஆரம்பித்தோம். படத்தில் ஒரு சந்தேகம் வந்தால் நடந்தே போய்ச் சரிபார்த்துவிடலாம். அப்புறம் மன்னார் வளைகுடாவுக்குப் போனோம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. 2008 முதல் அந்தப் படங்கள் இலவசம். 1980களின் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் வைத்து, தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவின் கட்டங்களைப் பிள்ளைகள் பென்சிலால் எண்ணினார்கள். பழைய படத்தைவிட இப்போதைய படத்தில் தீவின் கட்டங்கள் குறைந்திருந்தன. வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர். இரண்டு கூடைப்பந்துத் திடல்களை ஒட்டி வைத்த அளவு. அதற்குள் பவளம், மணல், கடற்புல் எல்லாம் கலந்து ஒரே நிறமாகத்தான் தெரியும். சிவப்பு ஒளியைத் தண்ணீர் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். ஆழத்திலிருந்து திரும்பி வருவது பெரும்பாலும் நீலமும் பச்சையும்தான்.

இங்கேதான் ஏமாந்தோம். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் உயிருள்ள பவளம் நிறமிழந்து வெளுத்துவிடும். ஒரு படத்தில் வெள்ளையாகத் தெரிந்ததை "பவளம் வெளுத்துவிட்டது" என்று ஒரு குழு எழுதியது. நானும் பார்த்துத் தலையாட்டினேன். அது வெறும் மணல்! எங்கள் அறிவியல் ஆசிரியை பழைய படங்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார். எல்லா வருடமும் அந்த இடம் வெள்ளைதான். இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. செத்த பவளத்தின் மேல் பாசி படர்ந்தால் மேலிருந்து பார்க்க உயிருள்ளது போலவே கருமையாகத் தெரியும். அதனால்தான் ஆய்வாளர்கள் ஒற்றைப் படத்தை நம்புவதில்லை. வருடக்கணக்கான படங்களை ஒப்பிடுகிறார்கள், கடல் வெப்பத்தைப் பார்க்கிறார்கள், கடைசியில் தண்ணீருக்குள் இறங்கியும் பார்க்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன.

பவளப்பாறைகள் அழிய வெப்பம் மட்டும் காரணமில்லை. கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்து பேத்தியோடு இருக்கும் ஒரு பாட்டி, பேத்தியின் நோட்டைப் பார்த்துவிட்டு, "முருகைக்கல்லா? எங்க பழைய வீட்டுச் சுவரே அதுதானே" என்றாராம். முருகைக்கல் என்பது பவளப்பாறைக் கல்தான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் வெட்டி எடுத்த கல் அது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பாட்டியை வகுப்புக்கு அழைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அந்தக் கரையோரத்துப் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: இதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. வகுப்பு காலை 10 முதல் 12 மணி வரை, கணினி அறையில். செல்போன் வேண்டாம், திரை போதாது. கூடவே உள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். டியூஷன் இடிக்கிறது என்றால் சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள், நேரத்தை மாற்ற முடிகிறதா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்