தொட்டிப் புகையும் டீசலும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் முட்டிவலி விட்டபாடில்லை.

தேங்காய்த் தொட்டியைக் கரியாக்கும்போது வீணாகும் புகையைக் குளிரவைத்து எடுத்தால் டீசலுக்குப் பதில் ஊற்றலாமா என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து ஊற்றிவிடாதே! எங்கள் ஆய்வகத்தில் தொட்டித் தூளைக் காற்றுப் படாமல் சுமார் 500 டிகிரியில் சட்டென்று சூடாக்கி, ஆவியை உடனே குளிர்விக்கிறோம். இப்படிக் கவனமாக எடுக்கும் எண்ணெயிலேயே கால் பங்கு வரை தண்ணீர் இருக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் 2, 3 என்று நிற்பதால் இரும்பை அரிக்கும். எரிதிறனும் டீசலில் பாதிகூட வராது. உங்கள் சூளையில் மெதுவாக வேகும் புகையில் தண்ணீர் இன்னும் அதிகம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இப்போது என் வேலை. ஆவியாகும் பொருள்களைப் பிரித்து இன்னதென்று காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஏற்றினால் பீனால், அசிட்டிக் அமிலம், ஃபர்ஃபுரால், புகைவாடைக்குக் காரணமான குவாயகால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேடாக, பீக் வரிசையாக வரும். தொட்டிக்குக் கடினம் தரும் லிக்னின் அதில் அதிகம், அது உடைந்தால் பீனால் வரும் என்பதால் பீனால் தூக்கலாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் பையன்கள் பீக் பரப்பின் சதவீதத்தை அப்படியே எடைச் சதவீதமாக எழுதிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஆவியாகாத கனமான சரக்கு அந்தக் கருவிக்குள் நுழைவதே இல்லை; பல எண்ணெய்களில் பாதிக்கு மேல் அதுதான். குளிர்ந்த தண்ணீரில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு வேகமாகக் கலக்கிப் பார், பழுப்பாகத் தூள் படியும். உடைந்த லிக்னின் அது. வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டால்தான் கணக்கு நேராகும்.

தண்ணீரை அளப்பதிலும் ஒரு வில்லங்கம். கார்ல் ஃபிஷர் முறையில் கரைப்பானாக வழக்கமான மெத்தனாலை ஊற்றினால், எண்ணெயிலுள்ள ஃபர்ஃபுரால் போன்ற ஆல்டிஹைடுகள் அதோடு சேர்ந்து புதிதாகத் தண்ணீரை உண்டாக்கும். அளவு கூடுதலாகக் காட்டும். அதற்கென்று மெத்தனால் இல்லாத கரைசல் விற்கிறார்கள், விலைதான் கையைக் கடிக்கிறது.

சரி, உன் சூளைச் சரக்கையும் பார்த்துவிடலாம். கொஞ்சம் அனுப்பு, கண்ணாடிப் பாட்டிலில் மட்டும். எடுத்த தேதியை எழுதி ஒட்டி, அனுப்பும்வரை ஃப்ரிட்ஜில் வை. வெளியே கிடந்தால் தானாகவே வினைபுரிந்து கெட்டியாகிவிடும், நான் அளப்பது வேறு சரக்காகிவிடும். தீபாவளிக்கு வருவதாக இருந்தால் கையோடு கொண்டுவா, வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ரவி