ஊசியை நிறுத்தும் நாளுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எடை குறைக்கும் ஊசி எழுதித் தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

நான் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பள்ளி ஆசிரியை. வயது 47. 2025 ஜூனில், மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட அதே வாரம், டிர்செபடைடு ஊசி போட ஆரம்பித்தேன். அப்போது 88 கிலோ. தை கடைசியில் 77. முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது, பழைய ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டேன். மாசியில் நிறுத்திவிட்டேன். அப்போது 5 மில்லிகிராம் குப்பி மாதம் நாலு, 17,500 ரூபாய். மகளுக்குச் செமஸ்டர் கட்டணம் கட்ட வேண்டிய வீட்டில் அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. இப்போது 82 கிலோ.

ஊசி மேல் எனக்குக் குறை இல்லை. அது தன் வேலையைச் செய்தது. என் குறை வேறு. முதல் சீட்டு எழுதிய அன்றே, "நிறுத்தினால் என்ன ஆகும் டாக்டர்?" என்று கேட்டேன். "அப்போது பார்த்துக்கலாம்மா" என்றார். அந்த 'அப்போது' வந்தபோது பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

கடைசி ஊசிக்கு அப்புறம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி எட்டரை மணி. நாலு இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, மிச்சத்தை மூடி வைக்கப் போனேன். எட்டு மாதமாக எனக்கு அந்த இட்லிப் பானை வெறும் பாத்திரம். அன்றைக்கு மூடியைத் தூக்கியதும் ஆவியோடு வந்த வாசனையில் வாய் ஊறிவிட்டது. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் நின்றபடியே இரண்டு சாப்பிட்டேன். படுத்த பிறகும் அடுப்படியில் இன்னும் என்ன இருக்கிறது என்றே மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பயமாக இருந்தது. எனக்கு வைராக்கியம் போதவில்லை என்றுதான் நினைத்தேன்.

அது வைராக்கியக் குறை இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். டிர்செபடைடில் பாதி, சுமார் ஐந்து நாளில் உடம்பிலிருந்து கழிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். அடக்கி வைத்த பசி அப்போது எழுந்து வருகிறது. ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உணவைக் குறைத்து எடை இறங்கியவர்களுக்கு ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடம்பு இழந்த எடையைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 2023 கடைசியில் வந்த டிர்செபடைடு ஆய்வில், 36 வாரம் ஊசி போட்டு எடை குறைந்தவர்களில் ஒரு பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசியைக் கொடுத்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 14 சதவீதம் எடை திரும்ப ஏறியது. செமாகுளுடைடு என்ற இன்னொரு எடை குறைக்கும் ஊசியை நிறுத்தியவர்கள், குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஆண்டில் திரும்பப் பெற்றார்கள் என்கிறது 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்களுக்குத்தான் கடைமடைக்குத் தண்ணீர் வருகிற கதையாக, பயிர் காய்ந்த பிறகு வந்து சேர்கிறது.

முதல் ஊசி எழுதும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். எத்தனை மாதம் இந்தச் செலவைத் தாங்க முடியும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடுவோம், வெட்கப்பட மாட்டோம். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் எப்படி நிறுத்துவது, அடுத்த ஆறு மாதத்தில் எந்தெந்தத் தேதியில் வந்து எடை பார்ப்பது, எத்தனை கிலோ ஏறினால் உடனே வர வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள். எடை குறைந்ததென்று சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் குறைத்திருப்பீர்கள். ஊசி நின்ற பிறகு அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

உடற்பயிற்சியைப் பற்றி "நடங்க" என்று ஒரே வார்த்தையோடு முடிக்காதீர்கள். குறைந்த கிலோவில் தசையும் சேர்ந்தே போகிறது. டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், லிராகுளுடைடு என்ற எடை குறைக்கும் ஊசியோடு பயிற்சியும் செய்தவர்களுக்கு, இரண்டையும் நிறுத்தி ஓராண்டு ஆன பிறகும், ஊசி மட்டும் போட்டவர்களைவிட எடை நன்றாக நின்றது. கிராமத்தில் ஜிம் ஏது? நான் திண்ணையில் நாற்காலி போட்டு, கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுகிறேன், பத்துப் பத்தாக மூன்று தடவை. அரைக்குடம் தண்ணீரைத் தூக்கி இறக்குகிறேன். இதை முதல் மாதத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எட்டு மாதம் வீணாகியிருக்காது. நாற்று நடவும் அறுப்பும் மெஷினுக்குப் போன ஊர் இது. உடம்புக்கு முன்பு தானாகக் கிடைத்த வேலையை இப்போது தேடித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்த உணவுத் தாள். எனக்குக் கிடைத்ததில் ஓட்ஸ், புரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் என்று இருந்தது. எங்கள் வீட்டில் மூன்று வேளையும் அரிசி. ரேஷனில் அரிசி விலையில்லாமல் வருகிறது, துவரம்பருப்போ கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான். ஆனால் சம்பா அறுப்புக்கு முன்னால் வயல் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளிக்கிற மண் இது. சோற்றைக் கரண்டிக் கணக்கில் குறை, பச்சைப்பயறைச் சுண்டலாக்கி முதலில் சாப்பிடு, முட்டை சேர்த்துக்கொள், குளத்து விராலோ கெண்டையோ கிடைத்தால் விடாதே, எண்ணெய் அதிகமில்லாத குழம்பாக வை என்று எழுதுங்கள். புரதம் எங்கள் வரப்பிலேயே இருக்கிறது, எங்கள் தட்டுக்குத்தான் வரவில்லை.

இன்னொன்று, இது கவலைக்குரியது. எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று மாதம் விட்டுவிட்டு, கையில் காசு வந்ததும் மெடிக்கலில் வாங்கி, பழைய அளவையே போட்டுக்கொண்டார். இரண்டு நாள் வாந்தி, கடைசியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. இடையில் விட்டவர்கள் உங்களைக் கேட்காமல் திரும்பத் தொடங்கக் கூடாது, பெரும்பாலும் குறைந்த அளவிலிருந்துதான் ஏற வேண்டும் என்பதையும் அந்தப் பின்பக்கத்தில் எழுதுங்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பெண்களிடம் ஓர் எடை மெஷினும் இருந்தால், ஏறுகிற எடையை இரண்டு கிலோவிலேயே பிடித்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இருக்கிறவர்கள் இதை மேலே சொல்லுங்கள்.

எடை ஏறித் திரும்பி வருகிறவர்களைத் திட்டாதீர்கள். "கட்டுப்பாடே இல்லையேம்மா" என்ற ஒரு சொல்லுக்காக நான் நாலு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த நாலு மாதத்தில்தான் மூன்று கிலோ ஏறியது.

வருகிற புதன்கிழமை காலை போகிறேன். பழைய சீட்டைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன், பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
நீடாமங்கலம் பக்கத்துப் பள்ளி ஆசிரியை