சரியான கடிகாரமும் அமைதியான கடிகாரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய நேரத்தை நாடெங்கும் துல்லியமாகக் கொண்டுசேர்க்கும் முயற்சி குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு நேரத்தைக் காத்துவரும் விதத்தைப் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளும்படி எழுதியிருந்தது பாராட்டத்தக்கது. ஆனால், செயற்கைக்கோள் வழியாக வரும் நேரத்தோடு ஒரு மின்னணுக் கருவியை இணைத்துவிட்டாலே அதன் அளவீடுகள் அனைத்தும் துல்லியமாகிவிடும் என்ற பொருள்பட அமைந்த கடைசிப் பத்தி சரியன்று. முப்பது ஆண்டுகள் அளவுக் கருவிகளைப் பழுதுபார்த்தே காலம் கழித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

செயற்கைக்கோள் நேரத்தைப் பெறும் ஜி.பி.எஸ். வாங்கி (ரிசீவர்) நொடிக்கொரு துடிப்பைத் தருகிறது. அந்தத் துடிப்பு ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 10 நானோநொடி முன்னும் பின்னுமாகத் தடுமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முழுவதையும், அதாவது 86,400 நொடிகளையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தடுமாற்றம் 8.64 லட்சம் கோடியில் ஒரு பங்குதான். குறை சொல்ல இடமே இல்லை. அதையே ஒரே ஒரு நொடிக்குள் பார்த்தால் பத்துக் கோடியில் ஒரு பங்காகிவிடுகிறது. வெப்பநிலை மாறாத பெட்டிக்குள் வைத்த நல்ல குவார்ட்ஸ் அலைவி (சீராகத் துடித்து அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர்) ஒன்று அந்த ஒரு நொடியில் இதைவிட ஆயிரம் மடங்கு நிலையாக நிற்கும். ஆனால் மாதக் கணக்கில் விட்டுவைத்தால் மெல்ல மெல்ல விலகிப் போய்விடும். ஒன்று நாள் கணக்கில் சரியானது, மற்றது நொடிக் கணக்கில் அமைதியானது. கட்டுரை இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. சில மலிவான ஜி.பி.எஸ். பலகைகள், கருவிகள் தம் கடிகாரமாக எடுத்துக்கொள்ளும் 10 மெகாஹெர்ட்ஸ் அலையையே நேரடியாகத் தருவதாக விற்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் வேறொரு கடிகாரத்தின் துடிப்புகளை இடையிடையே கூட்டியும் குறைத்தும் அந்த எண்ணிக்கையை ஈடுகட்டுகிறார்கள் என்பதால், அது சராசரியில் மட்டுமே 10 மெகாஹெர்ட்ஸ்.

நான் பணியாற்றிய இடங்களில் ஒன்றில், ஒரு மூலையிலிருந்த அறையில் பொதுக் கடிகாரத்தை வைத்து, அதன் 10 மெகாஹெர்ட்ஸ் அலையை நீண்ட கோ-ஆக்சியல் கேபிள் வழியாக எல்லா மேசைகளுக்கும் பகிர்ந்திருந்தார்கள். மைக்ரோவேவ் மேசையில் 10 கிகாஹெர்ட்ஸ் அலை சுத்தமாக இல்லை என்று புகார் வந்தது. எந்த அலைவெண்ணில் எவ்வளவு வலிமை என்று வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தேன், குறையொன்றும் தென்படவில்லை. அனலைசரும் அதே பொதுக் கடிகாரத்தில்தான் கட்டப்பட்டிருந்தது என்பதும், இரண்டும் சேர்ந்து ஒரே விதமாக நடுங்கியதால் நடுக்கம் பெருமளவு மறைந்துபோனது என்பதும் அரை நாள் வீணான பிறகே உறைத்தது. அனலைசரின் பின்புறக் கேபிளைக் கழற்றி அதன் சொந்த அலைவியில் ஓடவிட்டேன். நடுவே நெட்டுக்குத்தாக நின்ற கோட்டின் இருபுறமும் 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று முட்கள் வரிசையாக எழுந்தன. இரு அறைகளின் மின்தரைகளுக்கும் இடையிலிருந்த சிறு வேறுபாட்டால் கேபிளின் வெளி உறையில் மின்னோட்டம் பாய்ந்து, 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டின் இரைச்சல் கடிகாரத்தில் ஏறியிருந்தது. பிறகு அந்த 10 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தந்த சிக்னல் ஜெனரேட்டரின் கேபிளையும் கழற்றியபோது முட்கள் அடங்கிவிட்டன. விலை உயர்ந்த பொதுக் கடிகாரத்தைத் துண்டித்த பிறகே கருவி ஒழுங்காக வேலை செய்தது!

மூலத்தில் கண்ணுக்கே தெரியாத முள் மேலே போனதும் இவ்வளவு வளர்ந்தது ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அலைவெண்ணைப் பெருக்கும்போது கட்ட நடுக்கமும், அதாவது அலை தன் உரிய கணத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகத் தடுமாறுவதும், அதே அளவுக்குப் பெருகும். 10 மெகாஹெர்ட்ஸை ஆயிரம் மடங்காக்கினால் 60 டெசிபெல் கூடும். 10 மெகாஹெர்ட்ஸில் மைய அலைக்கு 110 டெசிபெல் கீழே கிடந்த முள், 10 கிகாஹெர்ட்ஸில் 50 டெசிபெல் கீழே வந்து நிற்கும். அனலாக் அலையை எண்ணாக மாற்றும் கருவிகளிலும் இதே தொல்லை உண்டு. 100 மெகாஹெர்ட்ஸ் அலையை மாதிரி எடுக்கும் கடிகாரத்தில் ஒரு பிகோநொடி நடுக்கம் இருந்தால், வேறு எந்தக் குறையும் இல்லாதபோதும் அலைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 64 டெசிபெல்லைத் தாண்டாது. அது சுமார் 10 பிட்டுக்குச் சமம். அதற்கு 16 பிட் கருவி வாங்குவது காசைக் கரைப்பது.

இதற்கு வழி புதிதல்ல. முதலில் தரைத்தொடர்பை ஒரு சிறு டிரான்ஸ்பார்மரால் பிரிக்க வேண்டும்; எங்களுக்குப் பாதி முட்கள் அதிலேயே போயின. மீதிக்கு, ஓர் அலைவியை இன்னொன்றின் கட்டத்தோடு பூட்டும் பி.எல்.எல். சுற்று. ரயிலடிக் கடிகாரத்தைப் பார்த்து வாரம் ஒருமுறை கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட பழைய தலைமுறையை நினைத்துக்கொண்டால் அது எளிதில் புரிந்துவிடும்: அன்றாடத்துக்குச் சொந்தக் கடிகாரம், விலகலைத் திருத்த மட்டும் பொதுக் கடிகாரம். அவ்வாறே, அமைதியான உள்ளூர் குவார்ட்ஸ் அலைவி ஒன்றை வைத்து, அதை வெளிக் கடிகாரத்தின் பின்னே மிக மெதுவாக நடக்க விடுகிறோம். சுற்று எவ்வளவு வேகமாகத் திருத்தும் என்பதை வரையறுக்கும் அலைப்பட்டையை ஒரு ஹெர்ட்ஸ் அளவுக்குக் குறுக்கினால், 50 ஹெர்ட்ஸ் முள்ளைத் துரத்திக்கொண்டு ஓட அதற்கு வேகம் போதாது. மெதுவான விலகலை மட்டும் திருத்தும். ஜி.பி.எஸ். துடிப்பாக இருந்தால் சுற்று நூற்றுக்கணக்கான நொடிகள் நிதானிக்க வேண்டும்.

இதில் ஏமாறவும் இடமுண்டு. சுத்தம் செய்ய வைத்த உள்ளூர் அலைவியே மட்டமாக இருந்தால், பட்டையைக் குறுக்கக் குறுக்க அதன் இரைச்சல்தான் வெளியே வரும். அதன் கட்டுப்பாட்டு மின்னழுத்தக் கம்பியில் பவர் சப்ளையின் இரைச்சல் ஏறினாலும் அதே கதி. இத்தகைய சுற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், ஒவ்வொன்றும் தன் பட்டையின் விளிம்பில் நடுக்கத்தைச் சற்றே உயர்த்தி அனுப்பும். மொத்தத்தில் சுத்தம் குறைந்துவிடும்.

கட்டுரையைத் திருத்த வேண்டுமென்பதோடு இன்னொரு வேண்டுகோளும் எனக்கு உண்டு. கல்லூரி ஆய்வகங்களுக்காக நான் பார்க்க நேர்ந்த கொள்முதல் ஆவணங்கள் சிலவற்றில், கடிகாரத்துக்கு நேரே நீண்டகாலத் துல்லியம் என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. மைய அலைவெண்ணிலிருந்து 1 ஹெர்ட்ஸ், 10 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளிய இடங்களில் கட்ட இரைச்சல் (கட்ட நடுக்கத்தால் வரும் இரைச்சல்) எவ்வளவு இருக்கலாம் என்ற நான்கு எண்களையும், சரக்கைப் பெறும்போது அவற்றை அளந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் அந்த வரிக்குக் கீழே சேர்க்குமாறு துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அளக்கும் கருவியை மட்டும் அதே கடிகாரத்தில் இணைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவிப் பராமரிப்பாளர்,
கோயம்புத்தூர்.