முட்டம் கடற்கரை வீட்டுக்கு நீங்க அனுப்பின கெஸ்ட் கைடு பத்தி புகார்

பெறுநர்: கஸ்டமர் கேர் டீம்
பொருள்: கன்னியாகுமரி மாவட்டம் முட்டம், 3 நைட் ஸ்டே, தப்பான கைடு, ரீஃபண்ட், கைடை மாத்தி எழுதறது

சார் / மேடம், வணக்கம்.

மே மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமையில இருந்து திங்கள் வரைக்கும் உங்க ஆப் மூலமா முட்டத்துல ஒரு வீடு எடுத்திருந்தோம். நான், வீட்டுக்காரர், 11 வயசு பையன், 7 வயசு பொண்ணு, எங்க மாமியார், மொத்தம் 5 பேர். 3 நைட்டுக்கு 19,500 ரூபா கட்டினோம். வீட்டைப் பத்தி எனக்குப் பெருசா குறை இல்ல, சுத்தமா இருந்துச்சு, பார்த்துக்கிட்ட அக்கா தங்கமானவங்க. என் புகார் முழுக்க நீங்க மெயில்ல அனுப்பின அந்த 6 பக்க கெஸ்ட் கைடு பிடிஎஃப் பத்திதான். ஏன்னா அதை நம்பினதாலதான் என் பையன் அன்னைக்கு கடல்ல உயிரையே விட்டிருப்பான்.

முதல்ல அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், நீங்களே திறந்து பாருங்க. "ஸ்வெட்டர், கம்பளி கொண்டு வரவும்", "ராத்திரி கேம்ப் ஃபயர் வேணும்னா முன்கூட்டியே சொல்லவும்", "வளைவுகளில் ஹாரன் அடிக்கவும்", "குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள்". இது ஏதோ மலை ஊர் வீட்டுக்கு எழுதினது, மேல பேரை மட்டும் மாத்தி எங்களுக்கு அனுப்பியிருக்கீங்க. கடல்ங்கற வார்த்தை 6 பக்கத்துல ஒரே ஒரு இடத்துலதான் வருது, "வீட்டிலிருந்து 2 நிமிட நடையில் கடலில் குளித்து மகிழலாம்"னு.

மேப் லிங்க்ல இருந்தே பிரச்சனை ஆரம்பிச்சுது. நீங்க குடுத்த லொகேஷன் சின்னமுட்டம். அது கன்னியாகுமரிக்குப் பக்கத்துல கிழக்குப் பக்கம் இருக்கற துறைமுகம், நாங்க போக வேண்டிய முட்டம் மேற்குக் கடற்கரைல லைட் ஹவுஸ் இருக்கற ஊரு, ரெண்டுக்கும் நடுவுல ரோடு வழியா 30 கிலோமீட்டருக்கு மேல இருக்கும். திருச்சில காலைல கிளம்பி சாயங்காலம் 7 மணிக்கு அந்த துறைமுகத்துல போய் நிக்கறோம், கிழக்குக் கடற்கரைல மீன்பிடித் தடைக்காலம்ங்கறதால விசைப்படகெல்லாம் வரிசையா கட்டிக் கிடக்குது, ஆள் நடமாட்டமே கம்மி, மாமியாருக்கு முட்டி வலி, பசங்க பசில அழுவுறாங்க. அங்க இருந்த ஒரு பெரியவர்தான் "நீங்க தேடுறது பெரிய முட்டம், இது இல்ல"ன்னு சொல்லி வழி காட்டினாரு. நாகர்கோவில்ல இருந்து நேரா வந்திருந்தா அரை மணி நேரத்துல சேர்ந்திருப்போம்.

சரி, அதைக் கூட மறந்துடலாம். சனிக்கிழமை நடந்ததை என்னால மறக்க முடியல.

சாயங்காலம் 4 மணி இருக்கும். நல்ல வெயில், காத்து கூட பெருசா இல்ல, மழை மேகம் எதுவும் இல்ல, கடல் அமைதியாத்தான் தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையுது, நடுவுல ஒரு இடம் மட்டும் அலையே உடையாம கொஞ்சம் கருப்பா சாந்தமா கிடக்குது. அதுதான் பத்திரமான இடம்னு நெனச்சு பசங்கள அங்கதான் விட்டோம், கணுக்கால் தண்ணிலதான் நின்னாங்க, நான் பத்தடி பின்னால பாய் விரிச்சு உக்காந்திருந்தேன். திடீர்னு தண்ணி உயரமா எழும்பாமலே ஒரு சத்தமும் இல்லாம மணல் மேல ஏறி ஏறி வந்து என் பாயையும் செருப்பையும் தூக்கிட்டு, மேல இருக்கற கல்லு வரைக்கும் போயிட்டு, அப்புறம் திரும்பி இழுத்துச்சு பாருங்க, பொண்ணை நான் புடிச்சுட்டேன், பையன் கால் தட்டி விழுந்து அந்த கருப்பு இடம் வழியாவே உள்ள போறான். என் கண்ணு முன்னாடி. எங்க வீட்டுக்காரர் குதிக்கப் போனாரு, அவருக்கு நீச்சல் குளத்துல அடிக்கத்தான் தெரியும். அதுக்குள்ள அங்க வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு மீனவர் அண்ணன் ஓடி வந்து குறுக்கால பாய்ஞ்சு பையனைத் தூக்கிட்டாரு. பாறைல உரசி முட்டி, முழங்கை எல்லாம் கிழிஞ்சு, தண்ணி நிறைய குடிச்சுட்டான்.

அப்ப உங்க "24 மணி நேர எமர்ஜென்சி உதவி" நம்பருக்கு நான் 4 தடவை போட்டேன். மொழியைத் தேர்வு பண்ணச் சொல்லுது, புக்கிங் நம்பர் கேக்குது, அப்புறம் கட்டாகுது. வீட்டுக்கிட்ட சிக்னலும் ஒரு புள்ளிதான், மாடிக்குப் போனாத்தான் கெடைக்குது, அதையும் கைடுல யாரும் சொல்லல. அந்த அக்கா அவங்க போன்ல 108க்கு அடிச்சு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நுரையீரல்ல தண்ணி போயிருக்கான்னு பார்க்க ஒரு நைட் வச்சிருந்து ஞாயிறு மத்தியானம் அனுப்புனாங்க. கடவுள் புண்ணியத்துல பையன் நல்லா இருக்கான், ஆனா இன்னமும் ராத்திரில தண்ணி தண்ணின்னு எந்திரிச்சு உக்காருறான்.

ஆஸ்பத்திரிக்கு அந்த அண்ணனும் கூட வந்தாரு, காசு குடுத்தா வாங்கல. அவருதான் பொறுமையா சொன்னாரு, இதுக்குப் பேரு கள்ளக்கடல், கள்ளன் மாதிரி சொல்லாம வரும், இங்க காத்தும் மழையும் இல்லாதப்பவே வரும்னு. எங்கயோ தெற்கே இந்தியப் பெருங்கடலோட கடைசில புயல் அடிச்சா அந்த அலை பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி சில நாள் கழிச்சு இங்க வந்து ஏறுமாம், அதுவும் ஏப்ரல், மே மாசம்தான் அதிகமாம். சரியா ஸ்கூல் லீவு, சரியா நீங்க ஆஃபர் போட்டு வீடு விக்கிற சீசன். ஊருக்கு வந்து நெட்ல தேடிப் பார்த்தா எல்லாம் இருக்குது. ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்னு ஒரு மத்திய அரசு நிறுவனம் இதுக்குன்னே முன்னெச்சரிக்கை வெளியிடுது. 2024 மே 6-ம் தேதி முட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி கணபதிபுரம் லெமூர் பீச்ல 5 மருத்துவ மாணவர்கள் அலை இழுத்துட்டுப் போய் இறந்தாங்க, அன்னைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்திருக்கு. பேப்பர், டிவி எல்லாத்துலயும் வந்த செய்தி. அதே கடற்கரைல வீடு வாடகைக்கு விடற உங்களுக்கு இது தெரியாதுன்னா நான் நம்ப மாட்டேன். தெரிஞ்சும் "குளித்து மகிழலாம்"னு எழுதினீங்கன்னா அதை என்னன்னு சொல்றது?

அலை உடையாத அந்தக் கருப்பு இடம்தான் தண்ணி திரும்பி உள்ள ஓடுற பாதையாம், அந்த அண்ணன் சொன்னாரு. அதுல மாட்டினா கரையைப் பார்த்து எதிர் நீச்சல் அடிக்கக் கூடாது, தெம்பு போயிடும், மிதந்துக்கிட்டே கரைக்கு இணையா பக்கவாட்டுல நகரணும், இழுவை விட்டதும் கரைக்கு வரணும். இந்த நாலு வரி கைடுல இருந்திருந்தா நாங்க பசங்கள அங்க விட்டிருக்கவே மாட்டோம். நாலே வரி சார். குரங்குக்கு ஒதுக்கின இடத்துல எழுதியிருக்கலாம்.

மத்ததையும் சொல்லிடறேன், அடுத்து வர்றவங்களுக்காவது ஆகட்டும். அந்த வீட்டு போர் தண்ணி உப்பு, சோப்பு நுரைக்காது, சமைக்க முடியாது, 20 லிட்டர் கேன் வாங்கியாகணும், ராத்திரி 9 மணிக்கு மேல வந்தா கடை இருக்காது. ஞாயித்துக்கிழமை அங்க மீனவங்க கடலுக்குப் போறதில்ல, எல்லாரும் சர்ச்சுக்குப் போயிடுவாங்க, அன்னைக்கு "ஃப்ரெஷ் மீன்"னு உங்க லிஸ்டிங்ல போட்டிருக்கறது கெடைக்காது, சனிக்கிழமையே கரைல ஏலம் விடறப்ப வாங்கி வைக்கணும். ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் முட்டம் இருக்கற மேற்குக் கடற்கரைல விசைப்படகு தடைக்காலம் வேற, அப்ப வர்றவங்களுக்கு அதையும் சொல்லணும். கரைல காயப் போட்டிருக்கற வலை மேல நடக்கக் கூடாது, கரமடி, அதாவது கரைல நின்னு இழுக்கற பெரிய வலை, அதை இழுக்கறப்ப கயித்தைத் தாண்டக் கூடாது, கட்டுமரம் கரை ஏறுற எடத்துல நின்னு போட்டோ எடுக்கக் கூடாது, என் பொண்ணு தெரியாம வலைல கால் வச்சுட்டா, அவங்க ஒண்ணும் சொல்லல ஆனா எனக்கு ரொம்ப சங்கடமாப் போச்சு. அது அவங்க சோறு. லைட் ஹவுஸ் பக்கத்துப் பாறைல பாசி வழுக்கும், ஈரமா இருக்கற பாறைன்னா அலை அது வரைக்கும் வரும்னு அர்த்தம், ஏறக் கூடாது.

கடைசி நாள் "செக் அவுட் செய்து செல்லும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனை"ன்னு போட்டிருந்தீங்க. திங்கக்கிழமை அந்த அரண்மனை லீவு. எங்க மாமியாருக்கு அதைப் பார்க்கணும்னு ரொம்ப வருஷ ஆசை, இவ்வளவு நடந்தப்புறமும் அவங்களுக்காகத்தான் தக்கலை போனோம், கேட் முன்னாடி நின்னுட்டுத் திரும்பிட்டோம்.

நான் கேக்கறது இதுதான். ஒண்ணு, 19,500 ரூபாயையும் திருப்பிக் குடுங்க. ரெண்டாவது, அதை விட முக்கியம், அந்தப் பிடிஎஃபை இன்னைக்கே நிறுத்துங்க. முட்டத்து மீனவங்க ரெண்டு பேரை உக்கார வச்சு, காசு குடுத்து, அவங்க சொல்றதைக் கேட்டு அந்த வீட்டுக்குன்னு தனியா தமிழ்ல எழுதுங்க. முதல் பக்கத்துலயே கடல் பத்தி இருக்கணும், 108, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093, பக்கத்து ஆஸ்பத்திரி எது, எங்க நின்னா சிக்னல் கெடைக்கும்னு இருக்கணும், அதைப் பிரிண்ட் எடுத்து வீட்டுக் கதவுல ஒட்டணும். கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கற நாள்ல தங்கியிருக்கற எல்லாருக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லணும், மெசேஜ் போதாது. லொகேஷனை சரி பண்ணுங்க.

15 நாளுக்குள்ள எழுத்துல பதில் வரலைன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணுவேன், அப்புறம் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம்னு வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். ஆஸ்பத்திரி சீட்டு, கைடு, உங்க மேப் லிங்க்கோட ஸ்கிரீன் ஷாட், 4 தடவை கூப்பிட்ட கால் லிஸ்ட் எல்லாம் இதோட இணைச்சிருக்கேன்.

இன்னொண்ணு. வீட்டைப் பார்த்துக்கற அக்கா மேல எந்த நடவடிக்கையும் எடுக்காதீங்க. வெள்ளிக்கிழமை ராத்திரியே அவங்க "நாளைக்கு பிள்ளைங்கள கடல்ல விடாதீங்கம்மா"ன்னு சொன்னாங்க. நான்தான் கைடுல குளிக்கலாம்னு போட்டிருக்குதேன்னு சொன்னேன்.

இப்படிக்கு,
உங்கள் கஸ்டமர்,
திருச்சி