ஆடியது தோர்ப் மட்டுமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒலிம்பிக் சிறப்பிதழில் அமெரிக்கப் பூர்வகுடி தடகள வீரர் ஜிம் தோர்ப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1912-ல் ஸ்டாக்ஹோமில் அவர் வென்ற இரண்டு தங்கம், மறு வருஷமே அவை பறிபோனது, 2022-ல் முழு உரிமையும் திரும்பக் கிடைத்தது என எல்லாம் சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் ஸ்டாக்ஹோமிலிருந்து திரும்பிய கையோடு அவர் ஆடிய அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) பருவத்தை, 'கல்லூரி அணிக்காகவும் ஆடினார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் என் ஆதங்கம்.

நீங்கள் கல்லூரி என்று சொன்ன, பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல், கல்லூரியே அல்ல. பூர்வகுடிப் பிள்ளைகளை 'நாகரிகப்படுத்த' வேண்டும் என்று ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879-ல் தொடங்கிய விடுதிப் பள்ளி அது. வந்து இறங்கியதும் முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. அங்கேயே இறந்துபோன 180-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கல்லறைகள் அந்த வளாகத்தில் இருந்தன. 2017-லிருந்துதான் ஒவ்வொருவராக அவரவர் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள்.

அந்தப் பள்ளி இளைஞர்கள்தான் பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதினார்கள். அன்றைக்கு இந்த ஆட்டம் என்றாலே கூட்டமாக முட்டித் தள்ளுவதுதான். 1905-ல் மைதானங்களில் பலர் உயிரிழந்த பிறகுதான், பந்தை முன்னோக்கி எறியலாம் என்று 1906-ல் விதி வந்தது. எடை குறைந்த கார்லைல் அணி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மறு வருஷமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று வீழ்த்தியது. 1911-ல் ஹார்வர்டை அதன் சொந்த மைதானத்திலேயே 18-15.

அப்புறம் 1912. மொத்தம் 14 ஆட்டம். 12 வெற்றி, ஒரு சமன், ஒரே ஒரு தோல்வி. நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் மைதானத்தில் இறங்கினார்கள். ஊண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லகோட்டா பூர்வகுடி மக்களைக் கொன்று குவித்து 22 வருஷம்கூட ஆகவில்லை. எதிரே நின்றவர்கள் அதே ராணுவத்தின் வருங்கால அதிகாரிகள். பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவரும் அவர்களில் ஒருவர். கார்லைல் வீரர் ஜோ கயானைத் தாக்கியதற்காக ராணுவ அணியின் கேப்டனே வெளியேற்றப்பட்டார். முடிவு 27-6, வெற்றி கார்லைலுக்கு. தோர்ப் பிரமாதமாக ஆடினார், மறுக்கவில்லை. ஆனால் அன்று மூன்று டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) அடித்தவர் அலெக்ஸ் அர்காசா. ஆட்டத்தை நடத்தியவர் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச்.

வெல்ச்சை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பள்ளி நிர்வாகத்தை விசாரிக்க வேண்டும் என்று இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியவர் அவர்தான். 1914-ல் நாடாளுமன்றக் குழு நேரில் வந்து விசாரித்தது. கால்பந்தில் வந்த பணம் எங்கே போனது என்ற கேள்வியும் எழுந்தது. பயிற்சியாளர் பாப் வார்னர் கேவலமாகத் திட்டுவார், அடிப்பார் என்று வீரர்களே சாட்சி சொன்னார்கள். கண்காணிப்பாளர் பதவி இழந்தார். 1918-ல் பள்ளியே மூடப்பட்டது.

இத்தனையும் விட்டுவிட்டுத் தோர்ப்பைத் தனி மனிதராக நிறுத்தினால், அவர் எங்கிருந்து வந்தார் என்பதே வாசகருக்குப் புரியாது. வெல்ச், அர்காசா, கயான் மூவருக்கும் அடுத்த இதழில் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருநெல்வேலி