பசியை அடக்கும் புட்டி பற்றி மாலதிக்கு

பாளையங்கோட்டை
வியாழன் இரவு

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே கவரில் வந்தன. தை மாதத்தில் நல்ல முகூர்த்தமாகப் பார்த்துவிட்டீர்கள். நாங்கள் எல்லோரும் வருகிறோம், ரயில் டிக்கெட்டுக்குப் பெரியவனிடம் சொல்லியாகிவிட்டது. அத்தைக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் எழுத்துப்பிழை கண்டுபிடித்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறார். கடையில் எப்போதும் போலக் கூட்டம். மழை தொடங்கினால் மருந்துக்கடைக்காரிக்குத்தான் தீபாவளி என்று இவர் கிண்டல் செய்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைனில் வாங்கிய அந்தப் பசி அடக்கும் மூலிகை மாத்திரையைச் சாப்பிடலாமா, கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறையுமா, ஒரே வரியில் சொல் என்கிறாய். ஒரே வரி என்றால், வேண்டாம். ஆனால் நீ ஒரு வரியோடு விடுகிற ஆளா? காலேஜில் வாத்தியாரிடமே 'இதற்கு என்ன ஆதாரம் சார்' என்று கேட்டவள். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, புட்டியின் பின்பக்கம் படித்தேன். முன்பக்கம் இலையும் மெலிந்த இடுப்பும் இருக்கும், சரக்கு பின்பக்கம்தான். முதலில் கார்சீனியா கம்போஜியா சாறு, அதில் 60 சதவீதம் ஹெச்.சி.ஏ. அப்புறம் பச்சைத் தேயிலைச் சாறு, கள்ளிமுளையான், கடைசியில் மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரின். எல்லாவற்றுக்கும் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில், 'உணவுக் கட்டுப்பாட்டுடனும் உடற்பயிற்சியுடனும் எடுத்துக்கொள்ளவும்' என்று ஒரு வரி. அந்த வரியை மறந்துவிடாதே, அதற்குத் திரும்ப வருவேன்.

கார்சீனியா கம்போஜியா என்றால் என்னவோ ஏதோ என்று பயப்படாதே. நாகர்கோவிலில் உன் அம்மா மீன் குழம்பில் போடும் குடம்புளிதான். அதன் புளிப்புக்குக் காரணமான அமிலம் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று 1965-இல் கண்டறிந்து எழுதியவர்கள் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த லூயிஸும் நீலகண்டனும். அதைச் சுருக்கித்தான் ஹெச்.சி.ஏ. என்கிறார்கள். மாவுச்சத்து கொழுப்பாக மாறும் வழியில் வேலை செய்யும் ஒரு நொதியை இது தடுக்கிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது அவை குறைவாகத் தின்றன, கொழுப்பும் குறைவாகச் சேர்ந்தது. அதுவரை கதை நன்றாகத்தான் இருக்கிறது. எலி வரை நல்ல கதையாக இருந்து, மனிதரிடம் வந்ததும் ஊமையாகிப்போன மருந்துகள் ஏராளம்.

மனிதரிடம் நடந்த ஆய்வுகளில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. குண்டாக இருந்த 135 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் 1500 மில்லிகிராம் ஹெச்.சி.ஏ., மற்ற குழுவுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று வாங்கியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. இரண்டு குழுவுக்கும் ஒரே சாப்பாடு, கலோரி குறைவாக, நார்ச்சத்து அதிகமாக. 12 வாரம் கழித்து எடை பார்த்தார்கள். குடம்புளிக் குழு சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தது. வெற்று மாத்திரைக் குழு 4.1 கிலோ.

இன்னொரு தரம் படி, மாலதி. வெற்று மாத்திரைக்காரர்கள்தான் கொஞ்சம் கூடவே குறைந்திருக்கிறார்கள். அந்த வித்தியாசம் கணக்கில் நிற்கிற அளவு பெரிதில்லை என்று வைத்துக்கொண்டாலும், மாத்திரை எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை என்பது தெளிவு. இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. இரண்டு குழுவும் எடை குறைந்தன. குறைத்தது அந்தச் சாப்பாடு. இப்போது புட்டியின் அந்தப் பொடி எழுத்து வரியை நினைத்துப் பார். 'மூன்று மாதத்தில் இத்தனை கிலோ குறைந்தேன்' என்று சொல்லும் அக்காமார்கள் நிஜமாகவே குறைந்திருக்கலாம். ஆனால் வெற்று மாத்திரைக் குழு ஒன்றைப் பக்கத்தில் வைக்காதவரை, அந்தக் கிலோ எல்லாம் மாத்திரையின் கணக்கில் எழுதப்படும்.

நியாயத்துக்கு மற்றதையும் சொல்கிறேன். 2000-இல் 89 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் குடம்புளிக் குழு 3.7 கிலோவும் வெற்று மாத்திரைக் குழு 2.4 கிலோவும் குறைந்தன. கொஞ்சம் லாபம்தான். ஆனால் அந்த ஆய்வு நடத்தப்பட்டதே பசி குறைகிறதா என்று பார்க்கத்தான், பசியில் ஒரு மாற்றமும் இல்லை! 2011-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது வித்தியாசம் ஒரு கிலோவுக்கும் குறைவு, 0.88 கிலோ. ஒழுங்காக நடத்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் நிற்கவில்லை.

கள்ளிமுளையானை நீ பார்த்திருப்பாய். பாறை இடுக்கிலும் கள்ளிப்புதர் அடியிலும் நாலு பட்டையாய், விரல் கனத்தில் முளைக்கும். எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் பிடுங்கி அப்படியே தின்பார்கள், சிலர் புளி வைத்துத் துவையலும் அரைப்பார்கள். பெங்களூருவில் 50 பேருக்கு அதன் சாற்றைத் தினம் ஒரு கிராம் வீதம் 60 நாள் கொடுத்துப் பார்த்து 2007-இல் எழுதினார்கள். இடுப்பளவும் பசியும் குறைந்தன. எடை குறைவதும் சாப்பாடு குறைவதும் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி இல்லை. இந்தப் பட்டியலில் எனக்குக் கொஞ்சமாவது ஆவல் தருவது இது ஒன்றுதான், ஆனால் 50 பேரை வைத்துக்கொண்டு புட்டி விற்கக் கூடாது.

அதற்கு ஓர் ஆப்பிரிக்கச் சொந்தம் உண்டு, ஹூடியா. கலகாரிப் பாலைவனத்தில் சான் என்ற பழங்குடி மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க மென்ற செடி. தென்னாப்பிரிக்க அரசின் ஆராய்ச்சி மையம் சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே காப்புரிமை வாங்கியது, பிறகு சண்டை வந்து 2003-இல் லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தமானது. ஃபைசர் என்ற மருந்து நிறுவனம் கையில் எடுத்து விட்டுவிட்டது, அப்புறம் யூனிலீவர் எடுத்து 2008-இல் விட்டுவிட்டது. இத்தனை பணமும் வழக்கும் கடந்து, கடைசியில் 2011-இல் வந்த ஆய்வு 49 பெண்களை வைத்து 15 நாள் பார்த்தது. சாப்பிட்ட அளவில் வித்தியாசம் இல்லை. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் மட்டும் ஏறின. உனக்கு பி.பி. இருக்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன்.

எடை குறைக்க என்று விற்கும் பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறின் கதையும் கேள், சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். பெங்களூருவில் 16 பேரை வைத்து ஒரு சோதனை, 22 வாரத்தில் சராசரி எட்டு கிலோ குறைந்ததாம். அமெரிக்க டி.வி.யில் ஒரு டாக்டர் புகழ்ந்து தள்ளினார். அப்புறம் அமெரிக்க வணிக ஆணையம் தோண்டிப் பார்த்தால், ஆய்வு நடத்தியவர் எடைக் கணக்கையே மாற்றி மாற்றி எழுதியிருக்கிறாராம், யாருக்கு எந்த மாத்திரை என்பதிலும் குழப்பமாம். 2014-இல் அந்தச் சாறை விற்ற நிறுவனம் 35 லட்சம் டாலர் கட்டியது, கட்டுரையையும் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்தக் காப்பிக்கொட்டைப் புட்டியை இன்றைக்கும் ஆன்லைனில் தேடினால் வருகிறது.

நம் ஊர் சரக்கும் இந்த வியாபாரத்தில் இருக்கிறது, தெரியுமா? 'ஸ்லிம்மிங் டீ' என்று விற்கும் பல பொட்டலங்களில் நிலாவாரை இலை. உலகச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலி பெயர்தான். நல்ல பேதி மருந்து, மலச்சிக்கலுக்கு நானே கொடுப்பேன். காலையில் எடை மெஷினில் ஏறினால் ஒரு கிலோ குறைந்திருக்கும், போனது தண்ணீர். மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியமும் போகும்.

இனி பயமுறுத்தும் பகுதி. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்று என் கடைக்கு வருகிறவர்களும் சொல்கிறார்கள். குழம்பில் கிடக்கும் இரண்டு துண்டு குடம்புளி வேறு, அதைக் காய்ச்சிச் சுருக்கி மாத்திரையாக்கித் தினம் மூன்று வேளை விழுங்குவது வேறு. மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்யும் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று 2022-இல் குடம்புளிச் சாறோடு தொடர்புடைய 22 பேரைப் பற்றி எழுதியது. அவர்களில் 16 பேர் சாப்பிட்டது பச்சைத் தேயிலைச் சாறும் சேர்ந்த மாத்திரை. உன் புட்டியில் இருப்பதும் அதே ஜோடி. எல்லோருக்கும் வருவதில்லை, ஒரு குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. அந்த அமைப்பு நமக்கு இருக்கிறதா என்று யார் பார்த்து வைத்திருக்கிறோம்? பைப்பரினும் சும்மா இல்லை, மற்ற மருந்துகள் உடம்பில் சேரும் அளவைக் கூட்டிவிடும்.

அதைவிட மோசம், லேபிளில் இல்லாத சரக்கு. சிபுட்ரமின் என்று ஒரு மருந்து இருந்தது. பசியை உண்மையிலேயே அடக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்து 2010-இல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள், 2011-இல் இங்கும் தடை. ஆனால் அது சாகவில்லை, 'இயற்கை மூலிகை' புட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க அரசு பிடித்த கலப்படப் புட்டிகள் 776, அதில் எடை குறைப்புக்கானவை 317, அவற்றில் 269-இல் சிபுட்ரமின். அதனால்தான் ஏட்டி, ஒரு மூலிகை மாத்திரை இரண்டே நாளில் பசியே எடுக்காமல் செய்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் அந்தப் புட்டியைக் குப்பையில் போடச் சொல்வேன்.

நம் நாட்டில் 1954-இலேயே மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் வந்தது. குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. அதனால்தான் உன் புட்டியில் 'குறைக்கும்' என்று இல்லாமல் 'எடை மேலாண்மைக்கு உதவும்' என்று இருக்கிறது. பத்து கிலோ கணக்கு, பாட்டிலை விற்றவன் வாட்சப்பில் சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய்.

எதுவுமே இல்லையா என்று கேட்பாய். ஓரளவு ஆதாரம் உள்ளது நார்ச்சத்து. கொன்ஜாக் என்று சீனா, ஜப்பான் பக்கம் ஒரு கிழங்கு, நம் சேனைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதன் நார் தண்ணீரில் பலமடங்கு ஊதி வயிற்றை நிரப்பும். தினம் மூன்று கிராம், மூன்று வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்கு முன்பு ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு, அதுவும் சாப்பாட்டைக் குறைத்தால் மட்டும் எடை குறைய உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றுக்கொண்டது. தண்ணீர் போதாமல் விழுங்கினால் தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும், மாத்திரைகள் உடம்பில் சேருவதையும் தாமதப்படுத்தும். வெந்தய நாரிலும் ஒரு சின்ன ஆய்வு உண்டு, 18 பேருக்குக் காலைச் சாப்பாட்டோடு எட்டு கிராம் கொடுத்தபோது வயிறு நிறைந்த உணர்வு கூடியது. எனக்குக் கேட்டால், புட்டிக்குக் கொடுத்த காசில் முருங்கைக்கீரையும் கொள்ளும் வாங்கலாம்.

நிஜமாகப் பசியை அடக்கும் மருந்து வேண்டுமென்றால் அது இப்போது ஊசியில் இருக்கிறது. செமாகுளூடைடு என்ற அந்த ஊசியைப் போட்ட 2021 ஆய்வில் 68 வாரத்தில் உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது, வெற்று ஊசியில் 2.4. அதே தராசில் குடம்புளியை வைத்துப் பார். ஆனால் அது டாக்டர் பார்த்து எழுதவேண்டியது, நிறுத்தினால் எடையில் பெரும்பகுதி திரும்பி வருகிறது, குமட்டல் படுத்தும். நீ கேட்டால் நான் விற்க மாட்டேன், சீட்டோடு வா.

உனக்கு அவசரமாகச் சொல்லவேண்டியது இது. நீ சர்க்கரைக்குச் சாப்பிடுவது கிளிமிபிரைடு. அந்த மூலிகை மாத்திரையால் பசி அடங்குகிறதோ இல்லையோ, எடை குறைய வேண்டும் என்று நீயாகவே ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு கிளிமிபிரைடை மட்டும் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். கல்யாண வேலையில் ஓடும்போது மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? டாக்டரிடம் எடை குறைக்கப்போகிறேன் என்று சொல்லி அளவைப் பார்க்கச் சொல். ஏற்கெனவே அந்த மூலிகை மாத்திரையைச் சாப்பிட்டிருந்தாயானால், சிறுநீர் அடர் மஞ்சளாகவோ வாந்தி வருவது போலவோ இருந்தால் உடனே கல்லீரல் பரிசோதனை எடு. எத்தனை நாள் சாப்பிட்டாய் என்று எனக்கு மறைக்காமல் எழுது.

ரவிக்கைத் தையலுக்கு இப்போதே கொடுத்துவிடாதே. தை மாதத்துக்கு இரண்டு வாரம் முன்பு அளவு கொடுத்தால் போதும், இங்கே எங்கள் தெருத் தையல்காரம்மாவே மூன்று நாளில் தைத்துவிடுவார். அத்தை உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன்,
செல்வி