அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால்

நாகர்கோவில்,
ஞாயிறு இரவு.

மக்கா எட்வின்,

சவேரியார் கோயில் திருவிழாவுக்குப் பிறகு என்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை என்று நீ குறைப்பட்டது நியாயம்தான். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி, மழை விட்டால் குறையும். மணி அண்ணன் இன்னும் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ வந்தால் உனக்கும் உண்டு.

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் அந்தத் தெரபி சென்டரின் கட்டண அட்டை போட்டோவும்தான் இப்போது என்னை உட்கார்ந்து எழுத வைத்தன. உன் மகன் அபினுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) இருக்கலாம் என்று டீச்சர் சொன்னார், ஷீபா ராத்திரி முழுக்க அழுதாள், செவ்வாய்க்கிழமை போய் மூன்று மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டப்போகிறாய். எடே, கொஞ்சம் பொறு. பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்த மூன்று மாதம். ஒன்றும் மாறாமல் அது கழிந்தால், அடுத்து நல்ல வழி யார் காட்டினாலும் ஷீபா நம்பமாட்டாள்.

அட்டையை நன்றாகப் பார்த்தேன். வாரம் இரண்டு நாள், 45 நிமிஷம், கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையோடு மட்டும். உனக்கும் ஷீபாவுக்கும் சொல்லித்தர ஒரு மணிநேரம்கூட அதில் இல்லை. பள்ளிக்கூடத்தோடு பேசுவதாக ஒரு வார்த்தை இல்லை. எனக்குள்ள ஆட்சேபம் இதுதான். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யவேண்டும் என்பது தெரியும், அந்த நேரத்தில் அதைச் செய்யத்தான் முடியவில்லை. ஒரே ஒரு பெரியவர் முழுக் கவனத்தோடு எதிரில் இருக்க, புதுசு புதுசாய் விளையாட்டுச் சாமான் கிடக்கிற அறையில் எந்தப் பயலும் ஒழுங்காகத்தான் இருப்பான். ‘இங்கே நல்லா இருக்கான், வீட்டிலதான் ஏதோ கோளாறு’ என்பார்கள். அங்கே படித்தது அவனோடு பஸ் ஏறி உங்கள் ஊர் கருங்கலுக்கு வராது. காலை ஏழு மணிக்குப் பல் தேய்க்கிற இடத்திலும், நாலாவது பீரியட் கணக்கிலும், சாயங்காலம் வீட்டுப்பாடத்திலும் அவன் தடுமாறுகிறான். அங்கேயெல்லாம் இருப்பது நீ, ஷீபா, டீச்சர். அப்போ பயிற்சி யாருக்கு வேணும்?

அதற்கு முன்னால், டீச்சர் சொன்னது சந்தேகம் மட்டும்தான். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. கவனக்குறைவுக்கு 9 அறிகுறி, துறுதுறுப்புக்கும் அவசரப்படுதலுக்கும் 9 அறிகுறி என்று இரண்டு பட்டியல். ஏதாவது ஒன்றில் 6 இருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் சேட்டை, பள்ளியில் சமர்த்து என்றால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும். அதனால்தான் டாக்டர் பெற்றோருக்கு ஒரு படிவம், டீச்சருக்கு ஒரு படிவம் தருவார். வாண்டர்பில்ட், கானர்ஸ் என்றெல்லாம் பெயர் சொல்வார்கள். இதில் வழக்கமாக நடக்கிற தப்பு, பெற்றோர் பக்கத்திலேயே நிற்க டீச்சர் சங்கடப்பட்டுக் குறைத்து எழுதுவது. கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடு, ஒட்டித் தரட்டும். முடிந்தால் இரண்டு டீச்சரிடம் வாங்கு.

கண், காது இரண்டையும் சோதித்துவிடு. ஹீமோகுளோபின், தைராய்டு பார்க்கச் சொன்னால் பார். ராத்திரி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா? அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கிற சதை) வீங்கித் தூக்கம் கெட்ட பிள்ளையும் வகுப்பில் இதே மாதிரிதான் இருக்கும். சில விநாடி அப்படியே வெறித்து நின்று, தொட்டாலும் தெரியாமல், பிறகு தானாகத் திரும்பினால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லு. அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், மூளையின் மின்னலைகளைப் பார்க்கிற இ.இ.ஜி. பரிசோதனை தேவைப்படுவது அந்தச் சந்தேகத்துக்குத்தான். எழுத்து விட்டுவிட்டு எழுதுகிறான் என்றாயே, கற்றல் குறைபாட்டுக்கும் தனியாகச் சோதனை கேள். இரண்டும் சேர்ந்து வருவது சாதாரணம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கும்போது இந்த வித்தியாசம் முன்னால் வந்து நிற்கும்.

எங்கே போவது? ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு எடு, காலையிலேயே போ. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாளில் வருவார், எந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொள். பள்ளிக்கூடத்துக்கு வருகிற ஆர்.பி.எஸ்.கே. (அரசின் சிறார் நலத் திட்டம்) மருத்துவக் குழு 18 வயது வரைக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறது, அவர்கள் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் கேரள அரசின் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது, உனக்கு அது பெரிய தூரமில்லை. சிக்கலான கேஸ் என்று இங்கே சொன்னால் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பிடித்து பெங்களூரு நிம்ஹான்ஸ் என்கிற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரி, குழந்தைகள் மனநலப் பிரிவு. ஷீபாவுக்கு ராத்திரி மனசு கனத்தால் 14416, டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

தனியாரிடம்தான் போவேன் என்றால் மூன்று கேள்வி கேள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் உண்டா? பெற்றோருக்குப் பயிற்சி உண்டா? டீச்சரோடு பேசுவீர்களா? இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் ‘மூளைப் பயிற்சி’, ‘நியூரோஃபீட்பேக்’ என்று இழுத்தால் எழுந்து வா. அதற்கெல்லாம் ஆதாரம் பலவீனம்.

இனி பெற்றோர் பயிற்சி. பொதுவாக 8 முதல் 12 அமர்வு, வாரம் ஒன்று. முதல் வாரம் உனக்கு ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் கண்டிப்பு பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார்கள். தினம் 15 நிமிஷம் பயலோடு விளையாடச் சொல்வார்கள். விளையாட்டை அவன் தேர்ந்தெடுப்பான், நீ கேள்வி கேட்கக்கூடாது, திருத்தக்கூடாது, போனை எடுக்கக்கூடாது. காலையிலிருந்து திட்டு மட்டுமே கேட்கிற பிள்ளைக்கு அப்பன் சொல்கிற பாராட்டு காதில் ஏறவேண்டுமென்றால் முதலில் இது வேண்டும். பாராட்டும் ‘நல்ல பையன்’ என்று பொதுவாக இருந்தால் பிரயோஜனமில்லை. ‘சொன்ன உடனே செருப்பை ஸ்டாண்டில வச்சியே, சூப்பர்’ என்று செய்த காரியத்தைச் சொல்லி, செய்த அந்த நிமிஷத்திலேயே சொல்ல வேண்டும்.

அடுத்தது சொல்கிற விதம். அடுக்களையில் நின்றுகொண்டு ‘குளி, யூனிஃபார்ம் போடு, பையை எடு’ என்று கூவினால் மூன்றாவதுகூட அவனிடம் தங்காது. பக்கத்தில் போ, தோளைத் தொடு, ஒன்றே ஒன்று சொல்லு, முடிந்த பிறகு அடுத்தது. காலை வேலைகளைப் படமாக வரைந்து குளியலறைக் கதவிலேயே ஒட்டு. புத்தகப் பை ராத்திரியே வாசல் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டுப்பாடத்துக்கு 10 அல்லது 15 நிமிஷம் டைமர், பிறகு ஓடிவிட்டு வரட்டும், மறுபடி உட்காரட்டும்.

பிறகு, நல்ல நடத்தைக்குப் பாயின்ட் கொடுத்துப் பரிசாக மாற்றுவது. இங்கேதான் முக்கால்வாசி வீட்டில் கவிழ்கிறது. பத்து நடத்தையை எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள், மாசக் கடைசியில் சைக்கிள் என்பார்கள். மாசக் கடைசி இந்தப் பிள்ளைக்கு எட்டாத தூரம். மூன்று நடத்தை போதும், அதில் ஒன்று அவன் இப்போதே பெரும்பாலும் செய்வதாக இருக்கட்டும். பாயின்ட் உடனே கொடு, அன்றைக்கே மாற்றிக்கொள்ளட்டும்: அரைமணி நேரம் கூடுதல் கிரிக்கெட், ராத்திரி என்ன பலகாரம் என்று அவனே முடிவு செய்வது, இப்படி. இரண்டு மூன்று வாரத்தில் சலிக்கும். அப்போது ‘இதுவும் வேலை செய்யல’ என்று கிழித்துப் போடாதே, பரிசை மாற்று. பாட்டியிடமும் சொல்லி வை. பாயின்ட் இல்லாமலே பாட்டி டி.வி. போட்டுக் கொடுத்தால் எல்லாம் வீண்.

சின்னச் சேட்டையைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்வார்கள். விட்டால் முதலில் கூடும், குறையாது. கத்தல் இரட்டிப்பாகும்போது பொறுக்கமுடியாமல் நீ இறங்கி வந்தாயானால், இரட்டிப்பாய்க் கத்தினால்தான் காரியம் நடக்கும் என்று நீயே அவனுக்குப் படிப்பித்ததாகும். இதை ஷீபாவுக்கு வாசித்துக் காட்டு.

பள்ளிக்கு ஒரு தினசரி அட்டை. இரண்டு மூன்று குறிக்கோள், பீரியட்டுக்கு ஒரு டிக். டீச்சருக்கு ஐந்து விநாடிக்கு மேல் ஆகக்கூடாது, அதற்கு மேல் போனால் ஒரு வாரத்தில் நின்றுபோகும். ஆரம்பத்தில் அவன் எட்டக்கூடிய அளவிலேயே இலக்கு வை, சாயங்காலம் அந்த டிக்குக்கு வீட்டில் பரிசு. முன் பெஞ்சு, சன்னலுக்கும் வாசலுக்கும் விலகி. நோட்டு கொடுக்கிற, போர்டு அழிக்கிற வேலையை அவனுக்குத் தரச் சொல்லு, எழுந்து நடக்க ஒரு வழி கிடைக்கும்.

மாத்திரை. ‘பிள்ளைக்குப் பைத்திய மாத்திரையா’ என்று உன் மாமியார் கேட்டது புரிகிறது. ஆனால் நீயும் அதையே பேசாதே. 6 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் பயிற்சிதான் முதலில். அபினுக்கு எட்டாகிறது, தொந்தரவு கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து போகும். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 1999இல் வந்தது. முக்கிய அறிகுறிகளைக் குறைத்ததில் கவனமாய் அளவு பார்த்துக் கொடுத்த மருந்து முன்னால் நின்றது. பயிற்சியும் சேர்ந்த பிள்ளைகளுக்குக் குறைந்த மருந்தே போதுமாக இருந்தது.

இதற்கு வழக்கமாகத் தருகிற மெத்தில்ஃபெனிடேட் என்பது தூக்க மாத்திரை இல்லை. சின்ன அளவில், பெரும்பாலும் 5 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக் கூட்டுவார்கள். சாதாரண மாத்திரை மூன்று நாலு மணிநேரம் நிற்கும், மெதுவாய்க் கரைகிற வகை பள்ளிநேரம் முழுக்க. பசி குறையும், அதனால் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு கொடு, ராத்திரி இன்னொரு வேளை சேர்த்து ஊட்டு. சாயங்காலம் கொடுத்தால் தூக்கம் போகும். தொடங்குமுன் நாடித்துடிப்பு, பிரஷர் பார்க்கவேண்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இதயக் கோளாறால் இறந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. அவன் வயதில் எடை 3 மாதத்துக்கு ஒருமுறை, உயரம் 6 மாதத்துக்கு ஒருமுறை குறித்து வை. இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். எல்லா மெடிக்கலிலும் இருக்காது, எந்தக் கடை என்று டாக்டரிடமே கேள், கடைசி அட்டை வரைக்கும் காத்திருக்காதே. அட்டோமாக்ஸிட்டின் இன்னொரு வகை. அதன் முழுப் பலன் தெரிய ஆறு வாரம்போல் ஆகும், பத்தாம் நாள் ‘ஒண்ணும் கேக்கல’ என்று நிறுத்தாதே.

இன்னும் ஒன்று, கோபப்படாமல் கேள். இது குடும்பத்தில் வருகிற விஷயம், உயரம் வருகிற அளவுக்குப் பரம்பரை உண்டு. உன்னையே பார்: மறந்துவிட்டுப் போன ஹால் டிக்கெட், மூன்று தடவை தொலைந்த லைசென்ஸ், நாலு மாசம் கட்டாத கரண்ட் பில், வில்லுக்குறி வளைவில் விழுந்த அந்த பைக். பெஞ்சமின் சார் உனக்கு வைத்த பெயரை நான் எழுதவில்லை. பெரியவர்களுக்கென்று உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் இருக்கிறது, முதல் ஆறு கேள்விதான் முக்கியம். அபினைக் காட்டுகிற நாளில் உனக்கும் ஒரு சீட்டு எடு. 17 வயது ஆனவர்களுக்கு 5 அறிகுறி போதும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, மக்கா. பாயின்ட் எழுதவேண்டிய அப்பனுக்கே மறந்துபோனால் அந்தப் பயிற்சி நிற்காது. பைக்கில் போகிற உன்னை நினைத்தும் எனக்குப் பயமாக இருக்கிறது. சிகிச்சை பெரியவர்களுக்கும் உண்டு, நன்றாகவே கேட்கும்.

செவ்வாய்க்கிழமை பணம் கட்டாதே. அன்றைக்கு டீச்சரைப் பார்த்து, எந்தப் பீரியட்டில், எவ்வளவு நேரத்தில், என்ன நடக்கிறது என்று எழுதி வாங்கு. பழைய ரேங்க் கார்டெல்லாம் எடுத்து ஒரு ஃபைலில் போடு, ஷீபாவிடம் கொடுத்து வை, உன்னிடம் வேண்டாம். வியாழக்கிழமை எனக்கு வேலையில்லை, ஆசாரிப்பள்ளத்துக்கு நானும் வருகிறேன். எட்டு மணிக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் போதும், அங்கிருந்து சேர்ந்து போவோம். அபினுக்கு விளையாட ஏதாவது கொண்டு வா, வரிசையில் நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும்.

உன்,
ராஜன்